கட்டடம் இருக்கு, ஆளக் காணோம்

எங்க ஊர் லப்பைக்குடிக்காட்டில் வீட்டுக்கு ஒருத்தராவது வெளிநாட்டில் இருப்பார். அவர்களுக்கெல்லாம் பெட்டி விற்கிறவன் நான். சக்கரம் வைத்த பெட்டி, பூட்டு, பெட்டியைச் சுற்றிக் கட்டும் பட்டை, தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு, எல்லாம் நம்ம கடையில் கிடைக்கும். முப்பது கிலோவுக்குள் ஊறுகாயையும் முறுக்கையும் எப்படி அடுக்குவது என்று ஊருக்கே வகுப்பு எடுத்திருக்கிறேன். "அங்க இதப் பிரிப்பான், அதப் பிரிக்க மாட்டான்" என்று அடித்துப் பேசுவேன். இப்படிப் பேசுகிறவன் திருச்சி ஏர்போர்ட்டில் வழியனுப்புகிறவர்கள் நிற்கிற கம்பியைத் தாண்டியதே இல்லை என்பதை, பெட்டி வாங்க வந்தவர்கள் ஒருத்தரும் யோசித்ததில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

போன வருஷம் ஒரு சாயங்காலம் தங்கச்சி கடைக்கு வந்தாள். கடைக்கு வருகிற ஆள் இல்லை அவள். வந்ததும் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இத பாருண்ணே."

பார்த்தேன். துபாயில் இருக்கிறதே, உலகத்திலேயே உசரமான கட்டடம், புர்ஜ் என்று நம்மாட்கள் சொல்வார்களே, அது. அவள் விரலால் தள்ளினாள். மறுபடி அதே கட்டடம். இன்னொரு தள்ளு. அதேதான்.

தங்கச்சி மாப்பிள்ளை துபாயில் இருபது வருஷம். ஒரு மசாலா சாமான் கடையில் கவுண்டரில் நிற்கிறார். அந்தக் கட்டடம் பாதி எழும்பி நின்ற நாளிலிருந்தே அதன் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புகிறவர். முதலில் கழுவின படமாக ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். பிறகு போனில், வெள்ளிக்கிழமைக்கு ஒன்று. ஒரு கை இடுப்பில், முகத்தில் பாதிச் சிரிப்பு, பின்னால் கட்டடம். கட்டடம் வளர்ந்தது, மகள் வளர்ந்தாள், அவர் இடுப்பில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"அஞ்சு மாசமா இப்படித்தான் வருது" என்றாள். "கட்டடம் இருக்கு, ஆளக் காணோம்."

"கட்டடம் அவ்ளோ பெருசு. எங்கயாச்சும் ஓரத்துல நிப்பாரு, பெருசு பண்ணிப் பாரு" என்றேன்.

நான் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை. "பண்ணிப் பாத்துட்டேன்" என்றாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பணம் ஒழுங்காக வருகிறது. ஆனால் போனை எடுத்தால் "ம்" மட்டும்தான். முகம் பார்த்துப் பேசலாம் என்றால் சிக்னல் இல்லை என்று எழுத்தில் பதில். எழுத்தெல்லாம் நன்றாகத்தான் வருகிறது. மகளுக்கு அரியலூரில் இடம் முடிவாகி, நிக்காஹ்வுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான். நேற்று அவர் எழுதியிருக்கிறார்: "எனக்கு லீவு கிடைக்காது. எழுத்து கொடுத்து அனுப்புகிறேன். ஹஜ்ரத்தை வைத்து முடித்துவிடுங்கள்."

இதை விளங்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிக்காஹ்வில் பெண்ணைக் கொடுக்கிற பொறுப்பு அவளைப் பெற்ற அத்தாவுடையது. அவர் உயிரோடு இருக்கும்போது தாய்மாமனுக்கு அந்த இடத்தில் வேலை கிடையாது. நான் நாலு பேர் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டு தூக்கலாம், கறி பத்தவில்லை என்று சமையல்காரரிடம் சண்டை போடலாம். அவ்வளவுதான். அத்தா வெளியூரில் இருந்தால், இரண்டு சாட்சியோடு எழுத்து கொடுத்து, தன் சார்பாகப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைச் சொல்லச் சொல்லலாம். பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் அத்தாவே சபையில் உட்கார்ந்து, மணமகன் கையைப் பிடித்து, "என் மகளைக் கொடுத்தேன்" என்று மைக்கில் சொல்லுவது வழக்கம். என் தங்கச்சிக்கு எங்கள் அத்தா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஊருல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? அங்க வேற ஒண்ணு சேத்துக்கிட்டாராம்" என்றாள் தங்கச்சி. கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீ போயிட்டு வாண்ணே. எழுத்த வாங்கிட்டு வராத. ஆளக் கூட்டிட்டு வா. அவ நிக்காஹ்ல அவங்க அத்தா உக்காரணும்."

"நானா? எனக்கு மாடித் தண்ணித் தொட்டியில ஏறவே பயம்."

"அதான் ஊருக்கே தெரியுமே" என்றாள்.

ஆசைக்கு எப்போதோ எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டையும் கடையிலிருந்ததிலேயே நல்ல பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊருக்கே வகுப்பு எடுத்தவனின் பெட்டி முப்பத்து மூன்று கிலோ காட்டியது. கம்பிக்கு அந்தப்பக்கம், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் பெட்டியைப் பிரித்து முறுக்கை வெளியே எடுத்தேன். பின்னால் நின்றவர் என்னிடம் பெட்டி வாங்கினவர். ஒன்றும் சொல்லவில்லை, மனுஷன்.

துபாயில் தேரா பக்கம் நம்மூர்க்காரர்கள் இருக்கிற அறையில் இறங்கினேன். மாப்பிள்ளை வேறு அறைக்கு மாறிவிட்டார் என்றார்கள். எங்கே என்றால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "அவரே சொல்லுவாரு மாமா. நீங்க சாப்புடுங்க" என்று மூன்றாவது தடவையாகச் சோறு போட்டார்கள். அவ்வளவு கறியை ஒருத்தன் இலையில் சும்மா வைக்க மாட்டார்கள். ஏதோ பெரிசாக இருக்கிறது என்று புரிந்துவிட்டது. சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் போனில் எழுத்து வந்தது. "வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்கப்பறம் புர்ஜ் கீழே வாங்க மச்சான். தண்ணி ஆடுற இடம்."

போனேன். கட்டடத்துக்கு வெகு தூரத்திலேயே மெட்ரோவிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு வழியில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். தரை நகர்கிறது. நகர்கிற தரையில் நடப்பதா நிற்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். பிறகு மால். அதன் பளபளப்பில் பெட்டி விற்கிற கடை ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். அங்கே இருந்த பெட்டிகளைப் பார்த்தபோது என் கடையில் இருப்பது எல்லாம் சாக்கு என்று தோன்றியது.

வெளியே வந்தால் ஏரி மாதிரி தண்ணீர், சுற்றிலும் ஜனம், நடுவில் அது. எனக்கு உசரம் என்றால் அரியலூர் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிதான். இது அந்த மாதிரி அளவில் இல்லை. பார்க்கப் பார்க்க மேலே போய்க்கொண்டே இருந்தது, எனக்குப் பிடரி மடங்கிக்கொண்டே போனது. முழுசும் படத்தில் விழ வேண்டும் என்று ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்து எடுக்கிறார்கள். தங்கச்சிக்கு அனுப்பலாமே என்று நானும் படுத்தேன். படுத்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. வயிறு அப்படி. ஒரு கை வந்து என் முழங்கையைப் பிடித்துத் தூக்கியது.

"மச்சான்."

மூக்குக்கு மேலே வரை முகமூடி. ஆனால் சட்டையும் கண்ணும் அவருடையது. நீலக் கட்டம் போட்ட சட்டை, எல்லாப் படத்திலும் வருவது. என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, முகமூடியைக் கீழே இறக்கினார்.

இடது பக்கம் வாய் கீழே இழுத்திருந்தது. அந்தப் பக்கத்துக் கண் முழுசாக மூடவில்லை. படத்தில் வந்த பாதிச் சிரிப்பில் மிச்சம் ஒரு பாதிதான் இருந்தது.

"அஞ்சு மாசம் ஆச்சு" என்றார். நாக்கு தடித்துப் போன பேச்சு. ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்து, கிணற்றிலிருந்து வாளி தூக்குவது மாதிரி. "காலைல வாய் கொப்புளிச்சேன். தண்ணி ஓரமா ஒழுவுச்சு. அப்பறம் ஆஸ்பத்திரி. வாதம்னாங்க."

நான் ஜோக்கு சொல்லியே பிழைத்தவன். மய்யித்து கிடக்கிற துக்க வீட்டில்கூட ஓரமாக நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவேன். அன்றைக்கு வாயைத் திறந்து, "சோறு ஒழுங்கா சாப்புடுறீங்களா மாப்ள?" என்று கேட்டேன். அதுதான் வந்தது.

"மேல போவம்" என்றார். இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

"எங்க மேல?"

மேலே கையைக் காட்டினார். "கீழ நம்மூரு ஆளுங்க வருவாங்க. மேல எவனும் வரமாட்டான். நானே போனதில்ல."

இத்தனை வருஷமாக அதன் காலடியில் நின்று படம் எடுத்த மனுஷன் ஒருநாளும் மேலே ஏறவில்லை.

லிப்ட் கதவு மூடியதும் காது அடைத்தது. கதவு திறந்தபோது நாலு பக்கமும் கண்ணாடி. நான் நேராகப் போய் நடுவில் இருந்த ஒரு தூணைக் கட்டிக்கொண்டேன். வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று கண்ணாடியில் மூக்கை வைத்துக் கீழே பார்த்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தது. அதற்கு நான்தான் பெரிய அதிசயமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "என் சட்டையப் பாருங்க. கீழ பாக்காதீங்க."

இது அவர் எனக்கு இரண்டாவது தடவை சொல்வது. தங்கச்சிக்குக் கல்யாணமான புதிதில் எல்லோரும் ரஞ்சன்குடி கோட்டைக்குப் போனோம். புது மாப்பிள்ளை முன்னால் வீரம் காட்ட மேலே ஏறிவிட்டேன். இறங்கத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, அல்லாவை விட்டால் ஆளில்லை என்று நின்றவனை, வந்து இருபது நாளே ஆன அந்த மாப்பிள்ளைதான் இதே வார்த்தையைச் சொல்லிக் கையைப் பிடித்துப் படி படியாக இறக்கினார். கீழே வந்து யாரிடமும் அதைச் சொல்லவில்லை. நானேதான் ஊர் பூராவும் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

சட்டையைப் பார்த்துக்கொண்டே தூணை விட்டேன்.

"அதோ கடலு" என்றார்.

"நம்புறேன்" என்றேன், சட்டையைப் பார்த்தபடி.

அவர் சிரித்தார். சிரித்தால் இன்னும் கோணியது. உடனே கைக்குட்டையால் மூடிக்கொண்டார். எச்சில் வழிகிறது, அவருக்கே தெரிவதில்லை. கவுண்டரில் நிற்க வைக்க முடியாது என்று கடையில் பின்னால் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். அறையையும் அவரே மாற்றிக்கொண்டார். ஊரில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று பழைய அறைக்காரர்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"ஊருக்கு வாங்க மாப்ள. இதுல என்ன இருக்கு?"

"நானூறு பேரு உக்காருவாங்க. மைக்கு வைப்பாங்க" என்றார். "அரியலூர்க்காரங்க என்ன நெனப்பாங்க? நாளைக்கு அவளத்தான் சொல்லுவாங்க. வாய் கோணையன் மகள்னு."

"எங்க, ஒருக்கா சொல்லிப் பாருங்க." கையை நீட்டினேன். "நாந்தான் பையன்."

"இந்த வயித்தோடயா?"

"வசதியான வூட்டுப் பையன்."

கையைப் பிடித்தார். உலகத்திலேயே உசரமான கட்டடத்தின் நூற்று இருபத்து நாலாவது மாடியில், ஐம்பத்து மூன்று வயதில் நான் மணமகனாக நின்றேன். "என் மகளை..." என்று தொடங்கினார். நடுவில் இருந்த வார்த்தைகள் எப்படியோ வந்தன. "நிக்காஹ் செய்து" வரைக்கும் வந்தார். கடைசியில் "கொடுத்தேன்" என்கிற ஒற்றை வார்த்தையில் நாக்கு நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். என் கையைப் பிடித்த பிடி இறுகியது. வாயோரம் எச்சில் இறங்கியது. நான் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கையை விட்டார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து என் பையில் வைத்தார். இரண்டு சாட்சிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. "ஹஜ்ரத்துக்கிட்ட குடுத்துருங்க" என்றார்.

இறங்கிக் கீழே வந்தபோது தண்ணீர் ஆட ஆரம்பித்தது. பாட்டுக்கு ஏற்ப ஒரு ஏரித் தண்ணீரே எழுந்து எழுந்து விழுகிறது. ஜனங்கள் கை தட்டினார்கள். காற்றில் சாரல் எங்கள் மேல் அடித்தது. அவர் முகமூடியை ஏற்றிவிட்டு, "வர்றேன் மச்சான்" என்று கூட்டத்துக்குள் போய்விட்டார். கொஞ்ச தூரம் வரை நீலச் சட்டை தெரிந்தது.

ஊர் வந்ததும் தங்கச்சி வாசலிலேயே கேட்டாள்.

"எழுத்தா, ஆளா?"

தாள் என் பையில் இருந்தது. "ஆளு" என்றேன். "வருவாரு."

பிறகு அவளை உள்ளே உட்கார வைத்து, முகம் இழுத்திருக்கிறது, பேச்சு தடுக்கிறது, அதனால்தான் ஒளிந்துகொண்டார் என்று சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றாள். "அல்லாவே, அவ்வளவுதானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம்தான் அழுதாள். அஞ்சு மாசத்தையும் சேர்த்து அழுதாள்.

அந்தத் தாளைக் கிழிக்க எனக்குத் தைரியம் இல்லை. கடையில் விற்காமல் கிடந்த பச்சைப் பெட்டி ஒன்றின் உள்பை ஜிப்பில் வைத்து மூடினேன். அதை வாங்க எவனும் வரமாட்டான், அவ்வளவு கேவலமான பச்சை. நிக்காஹ்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது அவருக்குப் போன் போட்டேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் இன்னொரு எழுத்து போட்டு யாரிடமாவது கொடுத்துவிட்டிருப்பார். அதற்கு நேரம் இருக்கக்கூடாது என்று கணக்குப் பண்ணித்தான் அன்றைக்குப் போட்டேன். எனக்குக் கணக்கு வராது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னவர்கள் இதைப் பார்க்கவில்லை.

"மாப்ள, ஒரு தப்பு நடந்து போச்சு. அன்னைக்கு அந்தத் தண்ணிச் சாரல் அடிச்சுதுல்ல? எழுத்து நனைஞ்சு மை கலைஞ்சு போச்சு. ஒண்ணுமே தெரியல."



"பால்பாயிண்ட் பேனா மச்சான்" என்றார். "கலையாது."

"அப்ப... காணாப் போச்சு" என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நான் தூங்கவில்லை. வராமல் போனால்? தாளைக் கொடுத்து நிக்காஹ்வை நடத்திவிடலாம், அது பெரிய காரியமில்லை. ஆனால் தங்கச்சியிடம் "ஆளு வருவாரு" என்று சொன்ன வாயை எங்கே கொண்டு போய் வைப்பது? நிக்காஹ்வுக்கு முந்தின நாள் விடிகாலையில் திருச்சியிலிருந்து கார் வந்து நின்றது. முகமூடியோடு இறங்கினார். வாசலில் நின்ற தங்கச்சி, ஜனம் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல், கை நீட்டி முகமூடியைக் கழற்றினாள். "உள்ள வாங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். என்னை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரம்பலூரில் மண்டபம். நானூறு பேர் என்று அவர் சொன்னது குறைச்சல். ஹஜ்ரத் அவர் பக்கம் குனிந்து, "நான் சொல்லட்டுமா பாய், நீங்க சம்மதம்னு தலையாட்டுனா போதும்" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டது மைக்கில் விழுந்தது. தங்கச்சி மாப்பிள்ளை மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். மணமகன் கையைப் பிடித்தார்.

முதல் தடவை "என் மகளை" என்பதிலேயே நின்றது. இரண்டாவது தடவை, அன்றைக்கு மேலே நின்ற அதே வார்த்தையில் நின்றது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரியலூர்க்காரர் ஒருத்தர் இன்னொருத்தரிடம் குனிந்து, "என்ன, தண்ணி போட்டுட்டு வந்துட்டாரா?" என்றார். மெல்லத்தான் சொன்னார். ஆனால் அந்த அமைதியில் மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும். தங்கச்சி மாப்பிள்ளைக்கும் கேட்டது. காது சிவந்ததை நான் பார்த்தேன்.

மூன்றாவது தடவை சொல்லி முடித்தார். "கொடுத்தேன்" என்பது பாதி உடைந்துதான் வந்தது. பையன் ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னான். துஆ ஓதினார்கள். 

சமையல் கட்டுப் பக்கம் சஹன் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"ஒங்களப் பாத்து ஊரு சிரிச்சா, ஒங்களுக்கு அது சாப்பாடு மச்சான்" என்றார். நிறுத்தி நிறுத்தி. "எனக்கு அப்படி இல்ல."

 தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மகள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டாள். "மாமா, அத்தா மூணு தடவ சொன்னாங்க. மேல பொம்பளைங்க பக்கம் மூணும் கேட்டுச்சு." அதைச் சந்தோஷமாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா, இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் பயம்.

பத்து நாள் கழித்து அவர் திரும்பக் கிளம்பினார். எடை பார்க்கப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஊரில் வேறு கொக்கித் தராசு இருந்தால் அங்கே போயிருப்பார். தூக்கிப் பிடித்தேன். "இருபத்தெட்டு" என்றேன். தலையாட்டினார். பிறகு கையை நீட்டினார்.

"அத எடுங்க."

எதை என்று நான் கேட்கவில்லை. பச்சைப் பெட்டியை இறக்கி, ஜிப்பைத் திறந்து, தாளை எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். ஒரு எழுத்துக்கூடக் கலைந்திருக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமைதோறும் படம் வருகிறது. கை இடுப்பில், முகம் முழுசாக, கோணல் கோணலாகவே. போனிலும் முகம் பார்த்துப் பேசுகிறார். அவள் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் காட்டிவிட்டுப் போகிறாள். எனக்கும் அதே வெள்ளிக்கிழமை, அதே நேரத்தில் ஒன்று வருகிறது. ஒரு வாரமும் தவறினதில்லை. ஒரு வார்த்தையும் கூட வராது. எனக்கு வருகிற படத்தில் கட்டடம் மட்டும்தான் இருக்கும்.

நானும் ஒவ்வொரு தடவையும் பெருசு பண்ணிப் பார்க்கிறேன். அடியில், தண்ணீரோரம், ஜனத்துக்கு நடுவில் எங்கேயாவது நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று தெரிகிறதா என்று.